அகல்யாவின் சுவர்

"ஏம்மா, உனுக்கு வாய் கீதா, இல்ல கழட்டி எங்கனா ஆணியில மாட்டி வெச்சிகிறியா?"

பாரிவாக்கத்து வீட்டை விற்றுத்தருவதற்காக முதன்முதலாகப் பார்க்க வந்த அன்று தரகர் தட்சிணாமூர்த்தி எழிலரசியைப் பார்த்து இப்படிக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்பா இருக்கிறாரா என்றார், தலையாட்டினாள். தூங்குகிறாரா என்றார், அதற்கும் ஆட்டினாள். போர் தண்ணி உப்பா நல்ல தண்ணியா என்று கேட்டதற்கும் அதே ஆட்டல்தான். எது உப்பு, எது நல்லது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அவள் கையில் புஷ்பா டெய்லர் கொடுத்தனுப்பிய ஜாக்கெட் ஒன்று இருந்தது. அரைகுறையாக ஊக்கு தைத்த அந்த ஜாக்கெட்டால் வாயை மறைத்துக்கொண்டு உள்ளே ஓடி அப்பாவை எழுப்பினாள். உலகநாதன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல் பார்ப்பவர். அதற்கு முன்னால் பாடியில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டினார். கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனபோது வயசானவர்களை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. லுங்கியை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.

"வாண்ணா. இன்னா இம்மாம் வெயில்ல?"

"வெயில்லதான் ஊட்ட பாக்கணும் உலகு. மழையில பாத்தா உங்க தெருவு ஏரி. பார்ட்டி பேண்ட்ட மடிச்சிகினு வந்த வழியே ஓடிடுவான்."

தட்சிணாமூர்த்தியும் இந்தப் பக்கத்து ஆள்தான். அவருடைய அப்பாவும் உலகநாதனின் அப்பாவும் ஒரே ஆண்டையின் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நிலமெல்லாம் மனையாகிய காலத்தில் உலகநாதன் தொழிற்சாலைக்குப் போனார், தட்சிணாமூர்த்தி மனை காட்டப் போனார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு போன், நெற்றியில் சந்தனம். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் எந்தச் சந்தில் எந்த மனை முட்டுச்சந்து, எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை அவருக்கு அத்துப்படி.

இந்த வீட்டிலும் அதே கதைதான். மனை உலகநாதனுக்கும் அவர் தம்பி செல்வகுமாருக்கும் பொது. செல்வகுமார் பெண்ணுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. சண்டை போடவில்லை. கூடத்தில் உட்கார்ந்து அழுதார். "உன்னால என் பங்க குடுக்க முடியாதுன்னு தெரியும்ண்ணா. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு" என்றார். அன்றைக்கே வீட்டை விற்பது என்று ஆகிவிட்டது.

தட்சிணாமூர்த்தி அறை அறையாகப் பார்த்தார். சுவரைத் தட்டினார். குழாயைத் திறந்து மூடினார். கடைசியில் உள்ளறைக்கு வந்தவர், வாசலிலேயே செருப்பில்லாத காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

எதிர்ச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு மஞ்சள் பூசியிருந்தது. வருஷா வருஷம் பூசிப் பூசித் தடித்து, ஓரங்களில் வெடித்திருந்தது. அதன் மேல் குங்குமப் பொட்டுகள். கீழே பலகையில் ஒரு பித்தளைச் சொம்பு, பக்கத்தில் மூடிபோட்ட கூடை. கூடைக்குள் ஒரு பாவாடை தாவணி, கண்ணாடி வளையல், ஸ்டிக்கர் பொட்டு அட்டை.

"பூவாடைக்காரியா?" என்றார் தணிந்த குரலில்.

"பெரிய பொண்ணு" என்றார் உலகநாதன்.

"அகல்யா இல்ல? தெரியும் தெரியும். சாவு எடுப்புக்கு வந்தனே." கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எங்க ஊட்லயும் எங்க அத்தை கீது. தை மாசம் பொடவ வெச்சி கும்புடாம ஒரு காரியம் பண்றதில்ல."

இந்தப் பக்கத்துக் குடும்பங்களில், கல்யாணமாகாமலோ பூவும் பொட்டுமாகவோ செத்துப்போகிற பெண்ணை அப்படியே விட்டுவிடுவதில்லை. பம்பைக்காரரைக் கூட்டி வந்து, தண்ணீர்க் கரையில் நின்று கூப்பிட்டு, சொம்பில் வரவழைத்து, வீட்டுக்குள் ஒரு சுவரைக் கொடுத்து உட்கார வைப்பார்கள். அதன் பிறகு அவள் பூவாடைக்காரி, அந்த வீட்டின் சாமி. எது செய்வதானாலும் அவளிடம் உத்தரவு கேட்க வேண்டும்.

அகல்யா பத்தொன்பது வயதில் போனாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழையில் ஒரு காய்ச்சல் வந்தது. மாசம் முழுக்க லீவு போடாமல் போனால் கம்பெனியில் தனியாக ஒரு தொகை தருவார்கள், ஒரு நாள் தவறினாலும் அது போய்விடும். மாசம் முடிய இரண்டே நாள். அம்மா ராஜகுமாரி ஒரு மாத்திரையைக் கொடுத்து, தலைக்கு ஸ்கார்ஃப் கட்டி, பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டாள். அன்று மத்தியானம் தையல் மிஷின் மேலேயே சாய்ந்தவளை மறுபடி வீட்டுக்குக் கூட்டிவர முடியவில்லை. டெங்கு என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

எழிலரசி அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்து பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பியபோது ராஜகுமாரி வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள். "ஒண்ண அனுப்பிட்டு நின்னது போதும். நீ எங்கயும் போவ வாணாம். என் கண்ணு முன்னாலயே இரு." அடுத்த நாளும் அப்படியே உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். டீச்சர் வந்து கேட்டுப் பார்த்தார். பரீட்சைக்கு மட்டுமாவது அனுப்புங்கள் என்றார். ராஜகுமாரி அவர் காலில் விழுந்துவிட்டாள். டீச்சர் பயந்துபோய்ப் போனார். அதன் பிறகு யாரும் வரவில்லை.

அன்றிலிருந்து வீட்டுக்குள் இரண்டு பெண்கள் வெளியே போகாமல் இருந்தார்கள். ஒருத்தி சுவரில், ஒருத்தி ஜன்னலோரத்தில் ஊக்குத் தைத்துக்கொண்டு.

சுவரில் இருந்தவளிடம்தான் ராஜகுமாரி பேசுவாள். பூந்தமல்லி லேடீஸ் ஹாஸ்டல் சமையற்கட்டில் அவளுக்கு வேலை. விடியும் முன் போய், சாக்குச் சாக்காக வெங்காயம் உரித்துவிட்டு, சாயங்காலம் எரிகிற கண்ணோடு திரும்புவாள். வந்ததும் உள்ளறைக்குள் போய் அன்றைய கதையெல்லாம் சொல்லுவாள். "கேட்டியா அகலி, சூப்பரைசர் மூதேவி இன்னிக்கி அப்பளத்த எண்ணி எண்ணி வெச்சிட்டு போறா." தைப் படையலுக்கு நெத்திலி வறுவலோடு பானிபூரியும் இருக்கும். அகல்யாவுக்குப் பானிபூரி என்றால் உயிர். ஆவடி ஸ்டேஷன் வாசலிலிருந்து வாங்கி வந்து, பூரி நமுத்துப்போவதற்குள் புதினாத் தண்ணியை ஊற்றிப் படைப்பாள். எழிலரசி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளிடம் அம்மா கேட்பதெல்லாம் "உல வெச்சியா?", "தண்ணி புடிச்சியா?" அவ்வளவுதான்.

"உலகு, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத" என்றார் தட்சிணாமூர்த்தி வெளியே வந்து. "ஊட்ட காட்றதுன்னா பொண்ணு காட்ற மாதிரி. மொகம் கழுவி பவுடர் போட்டுத்தான் நிறுத்தணும். இப்ப வர்ற பார்ட்டிங்கோ ஐடி. சேலம், கரூர்னு எங்கெங்கயோந்து வந்துகீறாங்கோ. சம்புல தண்ணிய ரொப்பி வெய்யி. எல்லா லைட்டும் எரியணும். அப்பால ஒரு கோட்டு வெள்ளை. நம்ம கையில பெயிண்டர் கீறான், துட்டு அப்பறம் பாத்துக்கலாம்."

"அடிச்சிக்கோண்ணா" என்றார் உலகநாதன், கொட்டாவி விட்டுக்கொண்டே.

உள்ளறையைத் தவிர என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்தார். தட்சிணாமூர்த்தியும் பெயிண்டரிடம் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்று அவரும் நினைத்துவிட்டார். ஆனால் பெயிண்டர் ஒடிசாக்காரன்.

அவன் வந்த அன்று ராஜகுமாரி வேலைக்குப் போயிருந்தாள். உலகநாதன் தம்பியோடு தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார். எழிலரசி சமையலறையில் சாமான்களுக்குத் துணி மூடிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ரோலர் சர்சர்ரென்று ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்று, கரண்டியால் சுரண்டுகிற சத்தம் வந்தது. உள்ளறையிலிருந்து.

ஓடிப்போய் வாசலில் நின்றாள். கூடையையும் சொம்பையும் பத்திரமாக ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு, அவன் பட்டி பார்க்கும் தகட்டால் மஞ்சளைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். பத்து வருஷத்து மஞ்சள் செதில் செதிலாக விழுந்தது. வேண்டாம் என்று ஒரு சொல். பாஷை தெரியாதவனுக்குக்கூட அது புரிந்திருக்கும். கை நீட்டியிருந்தாலும் போதும். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் திரும்பிப் பார்த்து, "குட்? குட்?" என்று சிரித்தான். எழிலரசி தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் ராஜகுமாரி வந்தாள். பெயிண்ட் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நேராக உள்ளறைக்குப் போனாள். கத்தவில்லை. அடுக்களையிலிருந்த எழிலரசி அம்மா கத்துவாள் என்று காத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் கேட்காமல் மெல்ல எட்டிப் பார்த்தாள். ராஜகுமாரி தரையில் மண்டியிட்டு, குப்பை முறத்திலிருந்த மஞ்சள் செதில்களைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யார கேட்டு தொட்டீங்கோ?" என்றாள், உலகநாதன் வந்ததும்.

"ராஜி, நான் இன்னா சொன்னேன்னா..."

"யார கேட்டு தொட்டீங்கோ? அவகிட்ட உத்தரவு கேட்டியா? பூ வெச்சி கேட்டியா? வாயத் தொறந்து ஒரு வார்த்த, 'அகலி, அப்பன் ஊட்ட விக்கறேன், நீ எழுந்துக்கோம்மா'ன்னு சொன்னியா? வாடகைக்கு இருக்கறவனக் காலி பண்ணச் சொன்னாக்கூட மூணு மாசம் டைம் குடுப்பாங்கோய்யா. என் பொண்ண செவுத்துலருந்து சொரண்டி குப்பையில போட்டுட்டீங்களே!"

"அந்தப் பையனுக்குத் தெரியாதுடி. வேற ஊரு."

"அவனுக்குத் தெரியாது. ஊட்ல இருந்தவளுக்கு?" அவள் எழிலரசி பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே கேட்டாள். "இவளுக்கு வாயில்ல? பேச்சி வராத கொழந்தகூட ஊ ஆன்னு சத்தமாவது போடும்."

எழிலரசி உலையில் அரிசியைப் போட்டாள். அன்று இரவு யாரும் சாப்பிடவில்லை. சோறு தண்ணீரில் கிடந்து காலையில் பழையதாகியது.

ஞாயிற்றுக்கிழமை பார்ட்டி வந்தார்கள். ஸ்ரீநாத், அவன் மனைவி மோகனப்பிரியா, சேலம் பக்கம். இரண்டு பேரும் நல்ல மாதிரி. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள், எழிலரசி கொடுத்த காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். தட்சிணாமூர்த்தி எல்லாக் குழாயையும் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாரு சார், இன்னா ஃபோர்ஸு! கெயக்கு பாத்த ஊடு. மெட்ரோ ஸ்டேசன் பைக்குல போனா ஒரு தம்மு அடிக்கற நேரம். நீங்க தம்மு அடிக்க மாட்டீங்க, சரி, ஒரு டீ குடிக்கற நேரம்."

மோகனப்பிரியா சிரித்துவிட்டாள். ஸ்ரீநாத் வெள்ளைச் சுவரில் விரலை வைத்துப் பார்த்தான். விரலில் ஒட்டியது. "எதுக்குங்க வீண் செலவு பண்ணிப் பெயிண்டெல்லாம் அடிச்சீங்க? நாங்க எப்படியும் இடிச்சுட்டுத்தானுங்க கட்டப் போறோம். எங்களுக்கு மனைதானுங்க வேணும்" என்றான்.

தட்சிணாமூர்த்தி குழாயை மூடினார். உலகநாதன் தரையைப் பார்த்தார். உள்ளறை வாசலில் நின்ற ராஜகுமாரி, "இடிப்பீங்களா?" என்றாள்.

"ஆமாங்கம்மா. தரைத்தளம் பார்க்கிங் விட்டு மேல கட்டலாம்னு."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விலை படிந்தது. முன்பணமும் கைமாறியது. அப்புறம்தான் சிக்கல் வந்தது. நாளைக்கு யாரும் வந்து வழக்குப் போடக்கூடாது, மனைவி, மகள் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று பார்ட்டியின் வக்கீல் சொல்லிவிட்டார். எழிலரசி தலையாட்டிவிட்டாள். ராஜகுமாரி முடியாது என்றாள்.

"நான் ஊட்ட குடுக்க மாட்டேன்னு சொல்லல. அவ வரட்டும். அவ வந்தா இட்டுகினு வாடக ஊட்டுக்கு வரேன். அவ வரலன்னா நான் இங்கதான். மிசினு வந்து இடிக்கட்டும், நானும் அவளும் ஒண்ணா கெடக்கறோம்."

"கூப்ட்டா வரப்போறா" என்றார் உலகநாதன்.

"கோவத்துல கீறா. நீ தொடச்சல்ல? நானா இருந்தா வர மாட்டேன்."

தட்சிணாமூர்த்திக்கு இது தன் தப்பு என்று தெரிந்தது. கமிஷன் போய்விடுமே என்ற பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று அவருக்கே தெரிந்திருக்காது. வாசல்படியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார்.

"அண்ணி, நான் பண்ண பேஜாருக்கு நானே ஏற்பாடு பண்றேன். திருமழிசையில ஜெகதீசன்னு ஒரு பம்பைக்காரரு கீறாரு. அவர் அடிச்சா கல்லுகூட எழுந்து ஆடும். செலவு பூரா என்னுது. ரிஜிஸ்டர் ஆபீசுல வெள்ளிக்கிழம டோக்கன் போட்டுகீது. அன்னிக்கி காலையில ஏரிக்கரையில கூப்புடுவோம். அவ வந்தான்னா சொம்ப புது ஊட்ல வெச்சிட்டு, அப்டியே வந்து கையெழுத்து போடு. வரலன்னா போடாத. நான் பார்ட்டிய சமாளிக்கறேன். சரியா?"

ராஜகுமாரி, "பானிபூரி வாங்கணும்" என்றாள்.

"எத்தினி பிளேட்டு வேணும், சொல்லு."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மூட்டையெல்லாம் கட்டி வாசலில் இருந்தது. பட்டாபிராமில் ஒரு மாடிப் போர்ஷன் பார்த்திருந்தார்கள். ஏரிக்கரையில் லேசாகப் பனி. ஆகாயத்தாமரை அடைத்துக்கிடந்த ஏரியில் ஒரு கட்டில் அளவுக்குச் செடியை விலக்கித் தண்ணீர் தெரியவிட்டிருந்தார் உலகநாதன். அக்கரையில் புது அடுக்குமாடிகள். ஒரு பால்கனியில் யாரோ பல் விளக்கிக்கொண்டே இவர்களைப் பார்த்தபடி நின்றார்.

மூன்று செங்கல்லை நட்டு மஞ்சள் பூசி, இலை விரித்து, நெத்திலியும் பொங்கலும் வைத்தார்கள். காலையில் எங்கே கடை திறந்திருக்கும்? தட்சிணாமூர்த்தி முதல்நாள் சாயங்காலமே பானிபூரி வாங்கி வைத்திருந்தார். பூரி நமுத்துப்போயிருந்தது. ராஜகுமாரி ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்துவிட்டு இலையில் வைத்தாள். சொம்பில் ஏரித் தண்ணீரை மொண்டு, வேப்பிலை சொருகி, பூச்சுற்றி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் செதில்களை அதற்குள் போட்டாள்.

ஜெகதீசன் ஒல்லியான ஆள். இடுப்பில் பம்பையைக் கட்டிக்கொண்டதும் ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தார். அவருடைய மச்சான் உடுக்கை எடுத்தான்.

"எம்மா அகல்யா... அப்பன் வந்துகீறான், ஆத்தா வந்துகீறா... தண்ணியில கீறியோ, தடத்துல கீறியோ... செவுத்த தொட்டது தப்பும்மா, சிறுபுள்ள நீ பொறுத்துக்கோம்மா..."

அடித்தார். நிறுத்தினார். மறுபடி அடித்தார். கரையில் நாய் ஒன்று எழுந்து தூரப் போய்ப் படுத்தது. அகல்யா யார் மேலும் இறங்கி வரவில்லை. ராஜகுமாரி கைகூப்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனை, கொழுந்தனை, கொழுந்தன் மனைவியை. வெயில் ஏறியது. ஜெகதீசன் சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தார். தோளிலிருந்து வேர்வை ஓடிப் பம்பைக் கயிற்றை நனைத்தது. தட்சிணாமூர்த்தியின் போன் பையில் விடாமல் அதிர்ந்தது. மூன்றாம் தடவை எடுத்து, "வந்துகினே கீறோம் சார்" என்று கிசுகிசுத்தார்.

"போதும்" என்றாள் ராஜகுமாரி. "அவ வர மாட்டா."

"அண்ணி, இன்னும் ஒரு ஆட்டம்..."

"வாணாங்க. பாவம், அவருக்குக் கை வலிக்கும். நான் ஊட்டுக்குப் போறேன்."

செல்வகுமார் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். உலகநாதன் தம்பியின் முதுகில் கையை வைத்தார். எழிலரசி அதைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சொம்பைக்கூட எடுக்காமல் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள், இடிக்கப்போகும் வீட்டை நோக்கி.

எழிலரசிக்குக் கால் நடுங்கியது. அதை அவள் அடக்கவில்லை, நடுங்க விட்டாள். தலைமுடியைப் பிடித்து இழுத்து அவிழ்த்தாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"எம்மோவ்!"

ராஜகுமாரி நின்றாள். ஜெகதீசனின் கை தானாகப் பம்பைக்குப் போனது. "வந்தாச்சி! யாரு வந்துகீறது? பேர் சொல்லு!"

"அகல்யா..."

ராஜகுமாரி மேட்டிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்தாள். எழிலரசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டியா? எம்மேல கோவமா அகலி? செவுத்த தொடச்சிட்டாங்கோடி, நான் ஊட்ல இல்லடி..."

"கோவமில்லம்மா. வரேன்." அவ்வளவுதான் சொல்வதாக இருந்தாள்.

"இன்னொண்ணு கேக்கணும்டி. பத்து வருசமா செவுத்தாண்ட கேக்கறேன், பதில் வர்ல. அன்னிக்கி ஒடம்பு சுடுதும்மான்னு சொன்னியே. நான்தானே வேன்ல ஏத்துனேன். இந்த அம்மா ஏன் ஏத்துனான்னு நீ நெனச்சியா? எதனா சொல்லுடி. திட்டணும்னா திட்டு."

பம்பை நின்றுவிட்டது. எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். எழிலரசி வாயைத் திறந்தாள்.

"என்ன எதுக்குமா நிறுத்துன?"

"இன்னாடி?"

"பையத் தூக்கிகினு எவ்ளோ நாளு வாசல்ல நின்னேன். பரிச்சைக்கு மட்டும் வுடுமான்னு அழுதேனே. அவள வெளிய அனுப்புன, செத்துட்டா. என்ன உள்ள வெச்சியே, நான் மட்டும் இன்னா ஆனேன்? அவகிட்ட ஊர்க்கத எல்லாம் சொல்ற. எங்கிட்ட உல வெச்சியான்னு மட்டும் கேக்கற. நானும் அந்த ஊட்லதானம்மா கீறேன்..."

அவளால் நிறுத்த முடியவில்லை. மூக்கிலும் வாயிலும் நீர் ஒழுகியது. உலகநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொழுந்தன் மனைவி, "இன்னா இது, சாமி மாத்தி பேசுது" என்று முணுமுணுத்தாள்.

ஜெகதீசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்திருப்பது யார் என்று சோதிக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றி வெற்றிலையில் வைத்து நீட்டினார். "மெய்யாலுமே பூவாடைக்காரின்னா வாங்கி நாக்குல வெச்சிக்கோ. வெச்சிகினு அப்பால பேசு."

நெருப்பு காற்றில் படபடத்தது. எழிலரசி அதைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினாள்.

"வாணாம்."

ராஜகுமாரிதான். கையாலேயே கற்பூரத்தைத் தட்டிவிட்டாள். அது ஈர மண்ணில் விழுந்து கொஞ்ச நேரம் எரிந்தது. "வாணாம். புள்ளைக்கி நாக்கு வெந்துடும்" என்றாள்.

எந்தப் பிள்ளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. அவள் எழிலரசியின் அவிழ்ந்த கூந்தலைச் சேர்த்துப் பிடித்து, ஒரு முறுக்கு முறுக்கி, கொண்டையாகச் சொருகினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல அழுத்தி. பிறகு இலையண்டை போய்ச் சொம்பை எடுத்தாள். வேப்பிலையை உருவிப் போட்டாள். குனிந்து, தண்ணீரை மெல்ல ஏரியிலேயே ஊற்றினாள். மஞ்சள் செதில்கள் ஆகாயத்தாமரைக்கு நடுவில் கொஞ்ச தூரம் மிதந்து போயின.

"அண்ணி..." என்றார் தட்சிணாமூர்த்தி.

"எங்க கையெழுத்து போடணும்?" என்றாள் ராஜகுமாரி.

ரிஜிஸ்டர் ஆபீசில் கூட்டம். மோகனப்பிரியா நகர்ந்து இடம் கொடுத்தாள். ராஜகுமாரி காட்டிய இடத்தில் எல்லாம் பேரை எழுத்துக் கூட்டி எழுதினாள், விரலை வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தாள், கேமராவைப் பாருங்கள் என்றபோது பார்த்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். எழிலரசி பக்கத்திலேயே இருந்தாள். அம்மா ஏதாவது சொல்வாள் என்று ஒவ்வொரு நிமிஷமும் நினைத்தாள். திட்டினால்கூடப் பரவாயில்லை. பத்து வருஷம் கழித்துப் பேசியாகிவிட்டது. அதற்குப் பதில் ஒரு வார்த்தையாவது வர வேண்டாமா?

மத்தியானம் வீட்டுக்குத் திரும்பிச் சாமான்களை டாடா ஏஸில் ஏற்றினார்கள். பீரோ, கட்டில், கிரைண்டர். தட்சிணாமூர்த்தியும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு கை பிடித்தார். அன்று முழுக்க அவர் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. எல்லாம் ஏறியபின் சாவிக்காக வாசலில் நின்றார். உலகநாதன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லாதபோதும்.

"ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு ராஜகுமாரி மட்டும் உள்ளே போனாள்.

எழிலரசி கூடத்து வாசல் வரை போய் நின்றாள். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் அம்மா நின்றிருந்தாள். பூ இல்லை, பம்பை இல்லை, கையில் ஒன்றுமே இல்லை. தாழ்ந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பு என்று பிள்ளையிடம் சொல்கிற தொனியில். வார்த்தை எதுவும் காதில் விழவில்லை.

ராஜகுமாரி வெளியே வந்தாள். மூலையிலிருந்து எடுத்த பாவாடை தாவணிக் கூடை இடுப்பில் இருந்தது. யாரையும் பார்க்காமல் நடந்து வண்டியில் ஏறினாள். டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். ராஜகுமாரி கதவோரமாக ஒட்டி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, கூடையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். டிரைவருக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது.

எழிலரசிக்கு நெஞ்சு குப்பென்று நிறைந்தது. ஓடிப்போய்ப் படியில் ஒரு காலை வைத்தாள். "அம்மா, தள்ளிக்கோ, நான் உள்ளாண்ட பூந்துக்கறேன்" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

ராஜகுமாரி அவளைப் பார்த்தாள். படியிலிருந்த காலைப் பார்த்தாள். கை நீட்டி, காலையில் ஏரிக்கரையில் பூசி அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த விபூதியைத் துடைத்துவிட்டாள். எழிலரசி காலை எடுக்கும்வரை பொறுத்திருந்து கதவை மெல்ல இழுத்துச் சாத்தினாள். பிறகு பக்கத்துக் காலி இடத்தில் ஒரு கையை, யாரையோ குலுங்காமல் தாங்குவது போல, வைத்துக்கொண்டு டிரைவரிடம் தலையை அசைத்தாள்.

வண்டி தெருமுனையில் திரும்பிப் போயிற்று.